சிறு குழந்தைக்கு டேப்லெட் கொடுக்கலாமா: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு

டேப்லெட்டைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோரில் பெரும்பாலோர் அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள்தான். சோறு ஊட்டுவதற்கும், அழுகையை அடக்குவதற்கும், சமையல் முடியும்வரை ஓரிடத்தில் உட்கார வைப்பதற்கும் என்று வீட்டுக்குள் நுழையும் அந்தக் கருவி, சில மாதங்களில் குழந்தையின் சொந்தப் பொருளாகிவிடுகிறது. கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. ஆகவே, இன்னும் கொடுக்காதவர்கள் எந்த வயதில் எப்படித் தொடங்கலாம் என்பதோடு, கொடுத்துவிட்டவர்கள் எங்கிருந்து திருத்தத் தொடங்கலாம் என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை நிமிடம் என்ற கணக்கு தேவைதான். ஆனால் எந்த வேலைக்காகத் திரையைக் கொடுக்கிறோம், அப்போது குழந்தையின் அருகில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் போடும் நிமிடக் கணக்கால் பெரிய பயன் இல்லை.

எந்த வயதில், எவ்வளவு

உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடலியக்கம், உட்கார்ந்திருக்கும் நேரம், உறக்கம் ஆகியவற்றுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி, இரண்டு வயது நிறையும்வரை உட்கார்ந்து திரை பார்க்கும் நேரமே வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2021ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறையும் இதையே சொல்லி, இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் உறவினர்களோடு எப்போதாவது வீடியோ அழைப்பில் பேசுவதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. சிறு வயதிலேயே கணினியை வகுப்பறைக்குள் கொண்டுசென்ற ஸ்வீடனின் பொதுச் சுகாதார முகமை 2024 செப்டம்பரில் வெளியிட்ட பரிந்துரையிலும் இரண்டு வயது வரை திரை வேண்டாம், ஐந்து வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்றே இருக்கிறது.

இரண்டு வயதில் ஏன் கோடு போடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை எடுப்பது எளிதாகும். மிகச் சிறிய குழந்தை, திரையில் காண்பதை நேரில் காண்பதைப் போல எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து கதை படித்து விளையாட்டுக் காட்டினார்கள். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைக் காணொளியாகவும் ஒலிப்பதிவாகவும் பெற்ற குழந்தைகள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பேசுகிறவர் குழந்தையின் கண்ணைப் பார்த்து, அது எங்கே பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசி, அது எழுப்பும் ஒலிக்குப் பதில் கொடுக்கும்போதுதான் மொழி உள்ளே இறங்குகிறது. வீடியோ அழைப்புக்கு விலக்கு அளிப்பதற்கும் இதுவே காரணம். திரையின் மறுபுறம் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் புதிய வினைச்சொற்களை நேரிலும் வீடியோ அழைப்பிலும் கற்றார்கள், முன்பே பதிவுசெய்த காணொளியிலிருந்து கற்கவில்லை.

ஆகவே துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கும் பேரனுடன் ஊரில் இருக்கும் பாட்டி பேசுவதைத் திரை நேரக் கணக்கில் சேர்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஐந்து, பத்து நிமிடங்களில் முடித்துக்கொண்டு, ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டி கேட்பதைக் குழந்தைக்குத் திருப்பிச் சொன்னால் போதும். “என்ன சாப்பிட்டாய்” என்று கேட்பதைவிட, இருபுறமும் சேர்ந்து கை தட்டிப் பாடுவதும், ஒளிந்து எட்டிப் பார்க்கும் விளையாட்டும் அந்த வயதுக்குப் பொருந்தும்.

பரிந்துரைக்கப்படும் ஒரு மணி நேரம் என்பது எல்லாத் திரைகளுக்கும் சேர்த்துத்தான். கூடத்தில் ஓடும் சீரியலும், அப்பாவின் கைப்பேசியில் ஓடும் குறுங்காணொளிகளும் அதற்குள் அடங்கும். என்னைக் கேட்டால், இரண்டு வயதுவரை எதுவும் வேண்டாம் என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து, இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் வாரத்தில் சில நாள்கள் கால் மணி, இருபது நிமிடம் என்று தொடங்கி, மூன்று வயதுக்குப் பிறகு நாளுக்கு அரை மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பேன். ஒரு மணி நேரம் என்பது மேல் எல்லை. அதை எட்டியே தீர வேண்டும் என்பதில்லை.

சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்

ஏற்கெனவே பழகிவிட்ட வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது சாப்பாட்டு நேரத்தை. டேப்லெட் நம் வீடுகளில் வேரூன்றுவது அங்கேதான். திரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் குழந்தைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு சாப்பிட்டோம், வயிறு நிறைந்துவிட்டதா என்பதில் கவனம் இருப்பதில்லை. பசியையும் நிறைவையும் உணர்ந்து நிறுத்தும் பழக்கம் இந்த வயதில் உருவாக வேண்டியது. வாயில் வைத்ததை மெல்லாமல் அடக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பதும், ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆவதும், காணொளி நின்றால் வாய் மூடிக்கொள்வதும் இதன் தொடர்ச்சிதான்.

நிலாவையும் காக்கையையும் காட்டிச் சோறு ஊட்டியதும் கவனத்தைத் திருப்பும் வேலைதானே என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. காக்கை வந்து உட்காரும், கத்தும், பறந்துபோகும்; பிறகு குழந்தையின் பார்வை ஊட்டுகிறவரின் முகத்துக்குத் திரும்பும். அந்த இடைவெளியில்தான் “காக்கா எங்கே போச்சு?” என்ற பேச்சும், பதிலும், அடுத்த வாயும் நடக்கின்றன. டேப்லெட் பறந்துபோவதில்லை, ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஊட்டும் கை யாருடையது என்பதுகூடக் குழந்தைக்குத் தெரிய வேண்டியதில்லை என்ற நிலை அப்படித்தான் வருகிறது.

விடுவிக்கும் முறை இது. எல்லா வேளைகளையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். வீட்டில் நெருக்கடி குறைவாகவும் குழந்தைக்குப் பசி அதிகமாகவும் இருக்கும் ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். பல வீடுகளில் அது மதியச் சாப்பாடாக இருக்கும். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பால், பிஸ்கட், பழச்சாறு எதுவும் கொடுக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும், ஏனெனில் திரையின்றிச் சாப்பிட மறுக்கும் குழந்தைகளில் பலருக்கு உண்மையில் பசியே எடுத்திருப்பதில்லை. டேப்லெட்டை வேறு அறையில், கண்ணில் படாத அலமாரியில் வையுங்கள். குழந்தையைத் தரையிலோ அதற்குரிய நாற்காலியிலோ உட்கார வைத்து, இட்லித் துண்டையோ குழைந்த பருப்புச் சோற்றையோ அதன் தட்டிலேயே வைத்து, அது கையால் எடுத்துச் சாப்பிட விடுங்கள். தரையெல்லாம் சிந்தும், பழைய துணி ஒன்றை விரித்துக்கொண்டால் துடைக்கும் வேலை குறையும். பெரியவர் ஒருவரேனும் அதே நேரத்தில் உடன் அமர்ந்து சாப்பிட வேண்டும், அவர் கையிலும் கைப்பேசி இருக்கக் கூடாது. இருபது முதல் முப்பது நிமிடங்களில், சாப்பிட்டது எவ்வளவாக இருந்தாலும், தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம்.

முதல் சில நாள்களில் குழந்தை குறைவாகச் சாப்பிடும் என்பதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். “பட்டினி போடுகிறாய்” என்ற குற்றச்சாட்டு எழுவது இந்தக் கட்டத்தில்தான். பாட்டியிடமும் அத்தையிடமும் முன்பே பேசி வைக்காவிட்டால் இரண்டாம் நாளே டேப்லெட் திரும்பி வந்துவிடும். வயதுக்கேற்ற எடையோடு சுறுசுறுப்பாக இருக்கும் குழந்தை இரண்டு வேளை குறைவாகச் சாப்பிடுவதால் எந்தத் தீங்கும் இல்லை. எடை குறைவான குழந்தை, அடிக்கடி நோய்வாய்ப்படும் குழந்தை, விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தை என்றால் மட்டும் மருத்துவரிடம் பேசிய பிறகு தொடங்குங்கள். ஒரு வேளை பழகியதும் அடுத்த வேளைக்குப் போகலாம்.

அழுகைக்கு மருந்தாகக் கொடுப்பது

பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் திருமண மண்டபத்திலும் அழும் குழந்தையிடம் டேப்லெட்டையோ கைப்பேசியையோ நீட்டினால் அந்த நொடியே அமைதி கிடைக்கிறது, அதனாலேயே அது மறுபடியும் நீட்டப்படுகிறது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் பற்றி மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, அழுகையை அடக்க அடிக்கடி திரை கொடுப்பதற்கும், பின்னர் சிறு ஏமாற்றத்துக்கும் பெரிதாகக் கொந்தளிக்கும் போக்குக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆண் குழந்தைகளிடமும் இயல்பிலேயே துறுதுறுப்பு மிகுந்த குழந்தைகளிடமும் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. திரை எளிதில் நீட்டப்படுவது பெரும்பாலும் இக்குழந்தைகளிடம்தான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எப்போதோ ஒரு நீண்ட ரயில் பயணத்திலோ ஊசி போடும்போதோ கொடுப்பதைப் பெரிய தவறாகக் கருத வேண்டாம். அதுவே வழக்கமான மருந்தாகக் கூடாது என்பதே இங்கே சொல்வது. பதிலாக, அழும் காரணத்தைப் பெயரிட்டுச் சொல்லுங்கள்: “பலூன் வெடித்துவிட்டது, உனக்கு வருத்தமாக இருக்கிறது.” தூக்கிக்கொண்டு சற்று நடங்கள், தண்ணீர் கொடுங்கள், வெளியே அழைத்துச் செல்லுங்கள். அழுகை ஓய இரண்டு நிமிடம் ஆகும் இடத்தில் பத்து நிமிடம் ஆகலாம். ஆனால் ஒருமுறை தானாக அடங்கிய குழந்தைக்கு அடுத்த முறை அது கொஞ்சம் எளிதாகிறது.

டேப்லெட்டைத் திரும்ப வாங்கும்போது வரும் அழுகை வேறு வகை. ஒரு காணொளியின் நடுவில் பிடுங்கினால் எந்தக் குழந்தையும் அழும், பெரியவர்களுக்கே அது பிடிக்காது. “இந்தக் கதை முடிந்ததும் அணைப்போம்” என்று தொடங்கும்போதே சொல்லி, முடிவதற்குச் சற்று முன் ஒருமுறை நினைவூட்டி, அணைக்கும் பொத்தானைக் குழந்தையையே அழுத்த விடுங்கள். உடனே அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதும் தயாராக இருக்கட்டும். அதன் பிறகும் அழுதால் அழட்டும். அழுதால் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்தாலும் போதும், குழந்தை அதை மறக்காது.

கருவியில் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

டேப்லெட் வீட்டுக்குச் சொந்தமானதாக இருக்கட்டும், குழந்தைக்குச் சொந்தமானதாக வேண்டாம். பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த பொருளைப் பிறகு அலமாரியில் பூட்டுவது கடினம். அதற்கென்று ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் குறித்துக்கொண்டு, பெரியவர் கண்ணில் படும் கூடத்தில் மட்டும் பயன்படுத்துவது என்று வையுங்கள்.

ஐபேடாக இருந்தால், செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குள் கைடட் ஆக்சஸ் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்து, வேண்டிய செயலியைத் திறந்து, மேல் பொத்தானை, பழைய கருவியானால் ஹோம் பொத்தானை, மூன்று முறை அழுத்தினால் குழந்தையால் அந்தச் செயலியைவிட்டு வெளியேற முடியாது. நேர வரம்பையும் அதிலேயே குறிக்கலாம். ஆண்ட்ராய்டு கருவிகளில் ஆப் பின்னிங் இதே வேலையைச் செய்கிறது. கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியில் குழந்தைக்கெனக் கணக்குத் தொடங்கினால் தினசரி நேரம், உறங்கும் நேரம், புதிய செயலிகளுக்கு உங்கள் அனுமதி ஆகியவற்றை உங்கள் கைப்பேசியிலிருந்தே நிர்ணயிக்கலாம். செயலிகளுக்குள் பணம் செலவழிக்கும் வசதியை அடைத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படியாவது வையுங்கள். வங்கி, யுபிஐ செயலிகள் இருக்கும் கருவியைக் குழந்தையிடம் கொடுக்கவே வேண்டாம்.

சாதாரண யூடியூபை ஐந்து வயதுக்குள் திறந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யூடியூப் கிட்ஸிலும் பொறுக்கியெடுத்துத்தான் கொடுக்க வேண்டும்: அதன் பெற்றோர் பகுதியில், நீங்கள் ஒப்புதல் அளித்த காணொளிகளும் சேனல்களும் மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி உண்டு, தேடும் வசதியை அணைத்தும் வைக்கலாம். தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் ஆட்டோபிளே எந்தச் செயலியில் இருந்தாலும் அதை நிறுத்துங்கள். பல வீடுகளில் நடக்கும் சண்டைகளில் பாதி அந்த ஒரு பொத்தானால் வருவது. இன்னும் எளிய வழி, வேண்டிய நான்கைந்து காணொளிகளைப் பதிவிறக்கி வைத்துவிட்டு இணையத்தையே துண்டித்துக் கொடுப்பது. முடிந்தால் முடிந்ததுதான்.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

ஒரு செயலியைக் குழந்தைக்குக் கொடுக்குமுன் அதை நீங்களே கால் மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். விளம்பரம் வருகிறதா, எதைத் தொட்டாலும் நட்சத்திரமும் கைதட்டலும் கொட்டுகிறதா, ஒரு கட்டத்தில் முடிகிறதா அல்லது முடிவே இல்லாமல் ஓடுகிறதா என்பதைக் கவனித்தாலே பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடலாம். “கல்விச் செயலி” என்ற பெயருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒன்று முதல் இருபது வரை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தை, தட்டில் இருக்கும் மூன்று முறுக்கை எண்ணிச் சொல்லத் தடுமாறுவதைப் பார்க்கலாம். அது ஒலியைக் கற்றிருக்கிறது, எண்ணைக் கற்கவில்லை. எழுத்துகளைக் கண்ணாடித் திரையில் விரலால் தடவிப் பழகுவதைவிட அரிசியிலோ மணலிலோ எழுதுவது, சிலேட்டில் பல்பத்தைப் பிடித்துக் கிறுக்குவது, மாவைப் பிசைவது ஆகியவை கையின் சிறு தசைகளுக்கு வேலை கொடுக்கின்றன, பின்னாளில் பென்சில் பிடிப்பதற்கு அவையே உதவும்.

நல்ல பயன்பாடுகளும் இருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். மடியில் வைத்துக்கொண்டு நீங்களே வாய்விட்டுப் படித்து, படத்தைச் சுட்டிக் கேட்டு, பக்கத்தைக் குழந்தை புரட்ட விட்டால் அது புத்தகம் படிப்பதற்கு நெருங்கி வந்துவிடுகிறது. கேமராவைக் கொடுத்து, தோட்டத்தில் ஐந்து இலைகளைப் படம் எடுத்து வரச் சொல்லி, பிறகு அவற்றைப் பற்றிப் பேசலாம். தாத்தா பாடும் பாட்டை ஒலிப்பதிவு செய்து திரும்பக் கேட்கலாம். இவற்றில் குழந்தை எதையோ செய்கிறது, யாரோ ஒருவரோடு பேசுகிறது.

தனியாகச் சமைத்து, வேலைக்கும் போகும் அம்மாவிடம் “எப்போதும் உடன் அமர்ந்து பாருங்கள்” என்பது சொல்வதற்கு எளிது. முடியாத நாளில், முன்பே பார்த்துத் தெரிந்த ஒரே கதையை அடுக்களை வாசலில் வைத்து, ஹெட்போன் இல்லாமல் உங்களுக்கும் கேட்கும்படி ஓட விடுங்கள்; சமைத்துக்கொண்டே “யானை இப்போது என்ன செய்தது?” என்று கேட்டாலும் பாதி உடனிருந்தது போலத்தான். அந்த அரை மணி நேரத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா என்று அப்பாக்கள் யோசிப்பதும் இந்த வழிகாட்டியில் அடங்கும்.

கண்ணும் உறக்கமும்

ஒரே அரை மணி நேரத்துக்கு, கைப்பேசியைவிட டேப்லெட்டும், டேப்லெட்டைவிடத் தள்ளி வைத்த தொலைக்காட்சியும் மேல், ஏனெனில் கண்ணுக்கு அருகில் பிடிக்கப் பிடிக்க அதன் உழைப்பு கூடுகிறது. டேப்லெட்டைக் கையில் பிடிக்காமல் மேசைமீது ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தால் தூரம் தானாக வந்துவிடும். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் கண் உலரும், அதனால்தான் சில குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே பார்க்கிறார்கள். கிட்டப்பார்வையைப் பொறுத்தவரை, வெளிச்சத்தில் வெளியே விளையாடுவதே வலுவான பாதுகாப்பாகத் தெரிகிறது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஆறு வயதுக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாக வைத்துப் பார்த்தபோது, மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்களின் அளவு, அந்த வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5 விழுக்காடாகவும், அது இருந்த பள்ளிகளில் 30.4 விழுக்காடாகவும் இருந்தது. இது 2015இல் வெளியான முடிவு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல்களின்படி, ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரைகளையும் அணைத்து, டேப்லெட்டைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதில் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாதது, அந்த வயதில் ஓரிரு சொற்கள்கூட வராதது, இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” போல இரண்டு சொற்களைச் சேர்க்காதது, முன்பு பேசிய சொற்களை இழப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் திரையை நிறுத்துவதோடு குழந்தை மருத்துவரையும் பாருங்கள். திரையால்தான் இப்படி, நிறுத்தினால் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதும், ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான் என்று தள்ளிப்போடுவதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள். காரணம் செவித்திறன் குறைவாக இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். முதலில் காதுப் பரிசோதனை செய்வார்கள். தமிழ்நாட்டில், 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. வளர்ச்சிப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். இலங்கையில் இருப்பவர்கள் தங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் தொடங்கலாம். போகும்போது, ஒரு வாரத்தில் குழந்தை எந்தெந்த நேரத்தில், எதற்காக, எவ்வளவு திரை பார்த்தது என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் இருக்கும்.